இணையத்துக்கும் முகவரி வேண்டும்

முகவரியின் அருமையை லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பிந்திக் கைக்குக் கிடைத்த காலத்தை நாம் அறிவோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடம் கைத்தொலைபேசிக்குள் வந்தது. றவுட்டர் உள்ள வீடுகளிலும் சில வேளைகளில் "வைபை இருக்கிறது, இணையம் இல்லை" என்ற முறைப்பாடு எழுகிறது. பழுது என்று எண்ணிப் பணத்தைச் செலவிடுமுன், முகவரியைச் சற்றுப் பார்ப்போம்.

றவுட்டரும் ஒரு தோட்ட அலுவலகம் போன்றதே. வெளியுலகுக்கு முழு வீட்டுக்கும் ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் றவுட்டர் தனித்தனி ஐ.பி. முகவரி வழங்குகிறது. அது நான்கு எண்களால் ஆனது. வீடுகளில் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்.

முதலாவது, கணனியில் அந்த எண் 169.254 எனத் தொடங்கினால், றவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணனி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்பது பொருள். கைத்தொலைபேசியோ "ஐ.பி. முகவரி பெறப்படுகிறது" என்ற இடத்திலேயே நின்றுவிடலாம். றவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தொலைபேசியில் அந்த வைபையின் பெயரை நீக்கி, மீண்டும் இணையுங்கள். அயல் வீட்டாரும் சேர்ந்து பாவித்தால், வழங்கக்கூடிய முகவரிகள் தீர்ந்திருக்கவும் கூடும். சிலரை விலகச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு கருவிக்கு மட்டும் இணையம் வராவிட்டால், அதில் எவரேனும் முகவரியைக் கையால் பதித்திருக்கலாம். கொழும்பில் வேலைத்தலத்தில் பதித்த எண் தோட்டத்து றவுட்டருக்குப் பொருந்தாது. இரு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்தாலும் குழப்பமே. முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள். இடம் பெயர்ந்தால் முகவரியும் மாறவேண்டும் என்பது நமக்குப் புதிதல்லவே.

மூன்றாவது, எல்லாக் கருவிகளிலும் எண் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால், றவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் வெளியிலிருந்தே முகவரி வந்து சேரவில்லை. சிம், டேட்டா மீதி, சிக்னல் ஆகியவற்றைச் சோதியுங்கள். றவுட்டரை ஜன்னலோரம் வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஊசியால் அழுத்தும் ரீசெட் பொத்தானை அவசரப்பட்டுத் தொடவேண்டாம். பதித்த அமைப்புகள் அனைத்தும் அழிந்துவிடும்.

லயத்துக்கு ஓர் இளைஞரோ யுவதியோ இதைக் கற்றிருந்தால் போதும். பரீட்சைக் காலத்தில் ஒரு பிள்ளையின் பாடம் தடைப்படாது, வீட்டுக்காசும் மிஞ்சும்.