அயலார் அறிவுரை

மனிதன் ஒரு பொருளை அறியும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்று வகுத்தனர். அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என உய்த்துணர்வது கருதல். தானே காணாததையும், கருதி அறிய இயலாததையும், நம்பத்தக்கார் சொல்லால் அறிவது உரை. முதல் இரண்டும் தனித்து வாழ்வோனுக்கும் வாய்க்கும். மூன்றாவதற்கு மற்றொருவர் வேண்டும். மக்கள் ஊராகக் கூடி வாழ்வதனால் விளையும் நன்மைகள் பல. அவற்றுள் இந்த மூன்றாம் அளவை எளிதில் கிடைப்பதும் ஒன்றாகும்.

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பெருவழியை அடுத்து, இரும்பை என்னும் சிற்றூர் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் என்னும் திருத்தலம் இவ்வூரே. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் இது ஒன்று. பழங்கோயிலும் ஏரியும் உடைய இவ்வூருக்கு அயலிலே, 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைக் கொணர்ந்து ஒரு தாழியில் இட்டு, ஆரோவில் என்னும் நகரத்தைத் தொடங்கினர். மழைநீர் அரித்தோடிய செம்மண் மேடாக அந்நிலம் அந்நாளில் கிடந்தது. தொலைநாடுகளிலிருந்து வந்தோர் அதில் கரை கோலி, நீர் தேக்கி, மரம் வளர்த்தனர். சுற்றூர் மக்கள் அவர்களோடு உழைத்தனர். பருவத்தை அறிந்தவன் உள்ளூரான்; வேறு தொழில்களை அறிந்தவன் வந்தவன். இருவரும் ஒருவரையொருவர் வினவியே அந்நிலத்தில் வாழக் கற்றனர்.

இன்று இத்தகைய ஊர்களில் உழவரும், தொழிற்கூடங்களுக்குச் செல்வோரும், கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். மாலைப் பொழுதில் ஒரு திண்ணையில் நால்வர் கூடினால் மூவகைக் குறைகள் பேச்சில் எழும். வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த வேலையில் இடர் உண்டு என்பது ஒன்று. வீட்டிலுள்ள இணைய இணைப்பு அடிக்கடி அறுந்து போகின்றது என்பது மற்றொன்று. தெருவிளக்கு, குடிநீர், ஏரி வாய்க்கால் முதலிய ஊர்ப் பொதுவாழ்வு பற்றியது மூன்றாவது. இம்மூன்றிலும் அயலார் அறிவுரை எங்ஙனம் பயன்படுகின்றது என்பது எண்ணத் தக்கது.

முதலில் இணையத்தைக் காண்போம். சிற்றூர்களுக்கும் இணையம் சென்று சேர வேண்டும் என்னும் நோக்கத்தால், ஊராட்சிகள்தோறும் ஒளியிழை கொண்டு செல்லும் திட்டத்திற்கு நடுவணரசு 2011ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஒளியிழை என்பது தலைமயிர் அளவே பருமன் உடைய தூய கண்ணாடி இழை. அதன் ஒரு முனையில் செலுத்திய ஒளி, பக்கங்களில் வெளியேறாமல் உள்ளேயே மீண்டும் மீண்டும் எதிரொளித்து மறுமுனையை அடைகின்றது. எழுத்தும் ஒலியும் படமும் அவ்வொளியின் துடிப்புகளாகச் செல்கின்றன. இவ்விழையை அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி வழியிலேயே கசிந்து போகும். இணைக்கும் இடத்தில் தூசி படிந்தாலும் ஒளி குன்றும். சாலை தோண்டுவோரின் கருவி பட்டால் இழையே அறுந்துவிடும்.

ஊரினுள் வரும் ஓர் இழை, பிரிப்பான் என்னும் சிறு கருவியால் பல கிளைகளாகப் பிரிந்து, பல வீடுகளை அடைகின்றது. ஒவ்வொரு வீட்டிலும் அக்கிளை மோடம் என வழங்கும் சிறு பெட்டியில் முடிகின்றது. ஒளி வந்து சேராதபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவது வழக்கம். அதனைக் காண்பது காண்டல் அளவை. ஆயினும், பழுது தன் வீட்டுக் கிளையில் உள்ளதா, எல்லார்க்கும் பொதுவான இழையில் உள்ளதா என்பதை அவ்விளக்கு சொல்லாது. அடுத்த வீட்டாரை வினவினால் நொடியில் தெரியும். அவர் வீட்டிலும் சிவப்பு விளக்கு எரியுமாயின் பழுது பொது இழையில் இருத்தல் கூடும். அவர் வீட்டில் இணைப்பு நன்றாக இருக்குமாயின் தன் வீட்டுக் கிளையையும் பெட்டியையும் ஆராய வேண்டும். அயலார் சொன்ன ஒரு சொல்லே கருதல் அளவைக்கு வித்தாகின்றது. பழுது பொதுவானது எனத் தெரிந்தபின் தெருவார் அனைவரும் சேர்ந்து முறையிட்டால், அம்முறையீட்டுக்கு வலிமை மிகும். சிவப்பு விளக்கு எரியாமல், ஓர் அறையில் மட்டும் இணையம் தளருமாயின், ஒளியிழையைக் குறை கூறுதல் பொருந்தாது. தடித்த சுவர்கள் பெட்டியிலிருந்து வரும் வானலையைத் தடுக்கும். பெட்டியை வீட்டின் நடுவிடத்தில், சற்று உயரத்தில் வைத்துப் பார்க்குமாறு பட்டறிந்தவர் சொல்வர். இத்தகைய சிறு நுட்பங்கள் கைவந்தார் வாய்ச்சொல்லால் வீடு வீடாகப் பரவுகின்றன.

வேலை பற்றிய அறிவுரையோ இதனினும் நுட்பமானது. இணையப் பழுதில் பிழையான அறிவுரை கேட்டவன் சில மணி நேரத்தை இழப்பான். வேலை பற்றிப் பிழையான அறிவுரை கேட்டவன் தன் குடும்பத்தின் சேமிப்பையே இழத்தல் கூடும். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போர் பலர். அவர்களுள் நல்லார் யார், வஞ்சகர் யார் என்பதை முகத்தைப் பார்த்து அறிதல் அரிது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வகுத்தது. பதிவு பெற்ற முகவர் யாவர் என்பதை அரசின் இ-மைக்ரேட் என்னும் இணையதளத்தில் பார்க்கலாம். இச்செய்தியை அறிந்த ஒருவர் தெருவில் இருந்து, “பணம் கட்டுமுன் பட்டியலைப் பார்த்தாயா, தம்பி?” என்று ஒருமுறை கேட்டால் போதும், ஓர் இளைஞனின் வாழ்வு கடனில் வீழாது தப்பும்.

ஆதலின் பிறர் சொல்லை ஏற்குமுன், “இது நீவிர் கண்டதா, கேட்டதா?” என்று பணிவுடன் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுதல் சொன்னவரை அவமதிப்பதாகாது. அறிவுரை கூறுவோரும், தாம் பட்டறிந்ததைப் பட்டறிந்தது என்றும், பிறர் வாய்க் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துச் சொல்லல் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரே உரை அளவைக்கு உரியவர்.

ஊர்ப் பொதுவாழ்வு பற்றிய அறிவுரை திண்ணையோடு நிற்பின் முழுப்பயன் தாராது. அஃது அவையேற வேண்டும். தமிழ்நாட்டில் இது புதுமையன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், ஊர்க்காரியங்களுக்கு வாரியங்களைக் குடவோலை முறையால் தேர்ந்த விதிகளைக் கூறுகின்றன. ஏரியைப் பேண ஏரி வாரியம் என்றே தனி வாரியம் இருந்தது. ஆனால் அவ்வாரியங்களில் இடம்பெற நிலமும் மனையும் கல்வியும் உடையோரே தகுதி உடையராயினர். இக்காலக் கிராம சபையோ வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆண், பெண் அனைவர்க்கும் உரியது. குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நாட்களில் அது கூடுவது வழக்கமாயிற்று. திண்ணையில் பத்துப்பேர் சொல்லி வருந்தும் குறை, சபையில் தீர்மானமாக எழுதப்பட்டால் ஊரின் குரலாக மாறும். உரிய விடை வாராத இடத்தில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தால் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடையளித்தல் அலுவலரின் கடமை.

அயலார் தம்முள் அறிவைப் பகிர்ந்துகொள்வதற்குக் கருவிகளும் துணைசெய்யும் என்பதற்கு, இரும்பைக்குத் தெற்கே புதுச்சேரிச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஒரு முயற்சி சான்றாகும். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் பொருளுதவியுடன், 1998ஆம் ஆண்டு அங்கே அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றிற்கு நடுவிடம். அந்நாளில் தொலைபேசிக் கம்பிகள் நம்பத்தக்கனவாக இல்லை. மின்சாரமும் அடிக்கடி தடைப்பட்டது. ஆகவே கம்பியோடு வானலையையும், மின்சாரத்தோடு கதிரவன் ஒளியையும் பயன்படுத்தினர். முதலில் மக்களிடம் சென்று, அவர்கட்கு எச்செய்தி வேண்டும் என்று கேட்டறிந்தனர். விளைபொருள் விலை, கால்நடை நோய், அரசின் உதவித் திட்டங்கள் ஆகியவற்றை உள்ளூர்த் தொண்டர்களே தமிழில் தொகுத்து வழங்கினர்.

மையம் அமைக்க இடம் தரும் ஊரார்க்கு ஒரு நிபந்தனை இருந்தது: அவ்விடம் சாதி வேறுபாடின்றி, ஆண் பெண் வேறுபாடின்றி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அது. எம்பலம் என்னும் ஊரில் மையம் கோயிலைச் சார்ந்த மண்டபத்தில் அமைந்தது. அதனைப் பெண்கள் நடத்தினர். அறிவு ஒரு சிலர் வீட்டுக் கிணறாக இராமல் ஊருணியாக வேண்டுமாயின், அதன் கரைக்குச் செல்லும் வழி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் அன்றோ?

வீராம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்களில், கடலின் அலை எவ்வளவு உயரம் எழும் என்னும் முன்னறிவிப்பை, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கி வாயிலாக நாள்தோறும் ஊரறியக் கூறினர். கடலுக்குச் செல்லலாமா என்பதை மீனவர் அதனையும் கேட்டு முடிவு செய்தனர்.

நல்லவாடு என்பது புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள மற்றொரு மீனவர் ஊர். அங்கும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையை அடைய இரண்டு மணிக்கும் மேற்பட்ட நேரம் ஆயிற்று. ஆயினும் அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். பேரலை பற்றிய செய்தியை அங்கே அறிந்த அவர், உடனே தம் வீட்டைத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் வீட்டினுள் கசிந்து வருவதாக அவர் தங்கை கூறினார். இன்னது நேரப்போகின்றது என உணர்ந்த அவர், “வெளியே ஓடு, ஊராரிடமும் சொல்” என்று அறிவுறுத்தினார். செய்தி கேட்ட சிலர் விரைந்து சென்று, பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கூறினர். வெளிநாட்டில் இருந்த மற்றோர் ஊராரும் மையத்தைத் தொலைபேசியில் அழைத்து அதனையே சொன்னார். மக்கள் மேட்டை நோக்கி ஓடினர். அலை வந்து ஏறத்தாழ 150 வீடுகளையும் 200 படகுகளையும் அழித்தது. ஆனால் ஊரிலிருந்த 3,600க்கும் மேற்பட்ட மக்கள் அனைவரும் உயிர் தப்பினர்.

இந்திய அரசு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தை நிறுவியது 2007ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே நல்லவாட்டைக் காத்தது ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் ஆகும். எனினும் கருவிகள் மட்டுமே காத்தன எனல் ஆகாது. வானம் தெளிந்திருந்த ஞாயிறு காலையில், “ஊரை விட்டு ஓடுங்கள்” என்று ஒரு குரல் கூவினால் மக்கள் நகைத்து வாளாவிருத்தலும் கூடும். அந்த ஒலிபெருக்கியோ நாள்தோறும் கடலின் நிலையை உரைத்துவந்த ஒலிபெருக்கி. கூவியவர் முன்பின் அறியாதவர் அல்லர், அடுத்த தெருவினர். சிறிய செய்திகளில் பிறந்த நம்பிக்கை, பெரிய செய்தி வந்தபோது ஒரு நொடியும் தாழ்க்காமல் ஓடச் செய்தது.

இரும்பை போன்ற ஊர்களின் திண்ணைப் பேச்சைச் சிறிதென்று எண்ணலாகாது என்பதற்கு இதுவே காரணம். சிவப்பு விளக்கு எரிகின்றதா என்று அடுத்த வீட்டாரைக் கேட்பதும், முகவரின் பதிவைப் பார்க்குமாறு இளையோர்க்குச் சொல்வதும், கிராம சபை கூடும் நாளை அயலார்க்கு நினைவூட்டுவதும் சிறு செயல்களே. அவற்றில் பொய் கலவாமலும், தெரிந்ததை மறைக்காமலும், கேட்பவர் இன்னார் என்று வேறுபாடு பாராமலும் நடந்துகொள்ளும் ஊர், தன் மக்களின் சொல்லுக்கு நாள்தோறும் மதிப்பைச் சேர்த்து வைக்கின்றது. இடுக்கண் வந்த வேளையில் அம்மதிப்பே ஊரைக் காக்கும்.