நிரையும் நிரலும்



'கோடிங்', 'ரோபோட்டிக்' எனும் இரு சொற்கள் இந்நாளில் பள்ளி வாயிலில் அடிக்கடி நம் காதில் விழுகின்றன. இவை பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியவை என்றும், ஆங்கிலம் அறியாதார்க்கு எட்டாதவை என்றும் நம்மவர் பலர் எண்ணி ஒதுங்கி விடுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை விளக்கி, நம் சுங்கை பூலோ வட்டாரத்தில் இவற்றுக்கென ஒரு வார இறுதி வகுப்பைத் தொடங்குவது எப்படி என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1925-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் நம் சுங்கை பூலோவில்தான் பரந்து கிடந்தது. பால்மரங்கள் நின்ற அந்நிலத்தில் இன்று குவாசா டமன்சாரா எனும் புதுநகர் எழுந்து வருகின்றது. 16-12-2016 அன்று சுங்கை பூலோவிலிருந்து செமந்தான் வரை ஓடத் தொடங்கிய எம்.ஆர்.டி. இரயிலில் ஓட்டுநர் இல்லை. எங்கே நிற்பது, எப்போது கதவைத் திறப்பது, முன்னே செல்லும் வண்டிக்கு எவ்வளவு தொலைவு விடுவது என்பனவற்றைக் கணினியே கவனித்துக் கொள்கின்றது. அக்கணினிக்கு இவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் மனிதர். அவர் எழுதிய கட்டளைத் தொடருக்கே நிரல் என்று பெயர். கோடிங் என்பது அதனை எழுதும் வேலை.

நிரல் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. வரிசை, ஒழுங்கு என்பதே அதன் பழம்பொருள். தோட்டத்தில் நாம் 'நிரை' என்று வழங்கும் சொல்லும் அதற்கு உறவுடையதே. பால்வெட்டையே சற்று எண்ணிப் பாருங்கள். பெரட்டில் பெயர் கொடுத்த வெட்டுக்காரர் தம் நிரைக்குச் செல்கின்றார். பட்டை ஈரமாக உள்ளதா என்று தொட்டுப் பார்க்கின்றார். ஈரமாயின் வெட்டுவதில்லை; வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். உலர்ந்திருந்தால், கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிக்கின்றார். உளியால் மெல்லியதாகப் பட்டையைச் சீவுகின்றார். மங்கைச் சரியாக வைக்கின்றார். அடுத்த மரத்துக்கு நடக்கின்றார். கடைசி மரம் வரையில் இதே வேலைதான். இதனை ஒரு தாளில் வரிவரியாக எழுதினால் அதுவே ஒரு நிரலாகும். முன்னது முன்னாகவும் பின்னது பின்னாகவும் நிற்பது வரிசை. 'ஈரமாயின் வெட்டாதே' என்பது நிபந்தனை. 'கடைசி மரம் வரை' என்பது மீள்செயல். எத்துணைப் பெரிய நிரலாயினும் அதன் அடிப்படை இம்மூன்றே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டுக்காரர் மரத்தடியில் பாம்பைக் கண்டால் எவரும் சொல்லாமலே விலகி நிற்பார். இயந்திரம் விலகாது, பாம்பைப் பற்றி அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை அல்லவா? ஒட்டுப்பாலை உரிக்கும் வரியை மறந்து எழுதிவிட்டால், அதன் மேலேயே உளியை வைத்து இழுக்கும். ஆகவே நிரல் எழுதும் பிள்ளை, எதையும் விடாமல், இன்னது நேர்ந்தால் இன்னது செய்க என்று முன்னரே எண்ணிப் பார்க்கப் பழகுகின்றது. இப்பழக்கத்தின் பொருட்டே இக்கல்வியை நாம் வேண்டுகின்றோம். பால் வெட்டுவதற்கும் இயந்திரம் செய்யும் முயற்சிகள் சீனாவிலும் நம் நாட்டிலும் நடந்து வருகின்றன. அத்தகைய இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுவோருள் பால்வெட்டு அறிந்த குடும்பத்துப் பிள்ளையும் ஒருவர் இருக்க வேண்டாமா?

சிறுவர்க்கு நிரலாக்கம் கற்பிக்கும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் முதலானோர் 'லோகோ' எனும் கணினி மொழியைச் சிறுவர்க்கென்றே அமைத்தனர். அதில் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுக் கோடு வரையலாம். இதனைக் கணினி இல்லாமலே பள்ளித் திடலில் ஆடிப் பார்க்கலாம். ஒரு மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆமையாக நிற்க, மற்றவர் கட்டளையிட வேண்டும். 'ஐந்து அடி முன்னே செல், வலப்பக்கம் திரும்பு' என்பதை நான்கு முறை சொன்னால் ஆமை சதுரமாக நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். 'திரும்பு' என்று மட்டும் சொன்னால் எப்பக்கம் திரும்புவது? அங்கே ஆமை நின்றுவிடும். திடலெங்கும் சிரிப்பொலி எழும். கட்டளையில் எது குறைந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பர்.

திடலில் ஆடியதைக் கணினியில் செய்ய 'ஸ்கிராட்ச்' உதவும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம் 2007-இல் வெளியிட்ட இது இலவசமானது. எழுத்துகளைத் தட்டாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினாலே நிரல் உருவாகிவிடும். தமிழிலேயே எழுத விரும்புவோர்க்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' எனும் மொழி இருக்கின்றது. அதில் கணினியின் திரையில் ஒன்றைக் காட்டுவதற்குரிய கட்டளை 'பதிப்பி' என்பதாகும். ஆங்கிலம் தெரிந்த பின்னரே இதனைக் கற்க வேண்டும் என்போர் இதனைச் சற்றே நோக்குவாராக.

இனி ரோபோவைப் பார்ப்போம். திரைப்படத்தில் வரும் இயந்திர மனிதனை மனத்தில் கொள்ள வேண்டா. மாணவர் முதலில் செய்வது இரு சக்கரமும் இரு 'கண்'களும் கொண்ட சிறு வண்டியே. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு ஒன்றை வரைந்து, கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கண் இருக்குமாறு வண்டியை வைப்பர். கண் ஒவ்வொன்றும் தரையை நோக்கி ஒளியை வீசும். வெள்ளை அவ்வொளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இடக்கண்ணுக்கு ஒளி திரும்பாவிடில், வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்று பொருள். உடனே இடச்சக்கரம் நிற்க, வலச்சக்கரம் மட்டும் சுழலும்; வண்டி இடப்புறம் திரும்பும். வலக்கண்ணுக்கு இதன் மறுதலை. இரண்டே நிபந்தனைகளால் வண்டி வளைந்த கோட்டிலும் தடம் மாறாமல் செல்லும். இதற்கு மூளையாக 'மைக்ரோபிட்' எனும் தீப்பெட்டியளவான பலகையைப் பயன்படுத்தலாம். பிரிட்டனில் 2016-இல் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட பலகை இது.

நம் நாட்டிலும் 2017 ஜனவரி முதல் கணினிச் சிந்தனை பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. எனினும் பாடவேளை குறைவு. தனியார் வகுப்புகளின் கட்டணமோ நம் வருவாய்க்கு மிகுதி. ஆதலின் வட்டார வகுப்பு ஒன்று வேண்டும். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஒரு கணினிக்கு இருவர் போதும்; ஒருவர் கட்டளை சொல்ல, மற்றவர் பொருத்துவார். பெண்பிள்ளைகளைத் தட்டச்சு செய்ய மட்டும் வைத்து, வண்டியை ஆண்பிள்ளைகளே பூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனை முதல் நாளே தவிர்த்தல் வேண்டும். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் சிலர் மாதம் இரு சனிக்கிழமை வந்தாலும் பேருதவியாகும்.

'இதுவும் கைப்பேசி விளையாட்டுத்தானே' என்று பெற்றோர் ஐயுறலாம். பிறர் செய்த விளையாட்டை ஆடுவது வேறு. விளையாட்டைத் தானே செய்வது வேறு. ஐயமுள்ளோர் வகுப்பின் பின்வரிசையில் ஒரு காலை அமர்ந்து பார்க்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டதால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் சனிக்கிழமைகளிலும் முன்போல் நெருக்கடி இல்லை.

உண்மையான இடர் கணினியன்று, வேன். சனிக்கிழமை பள்ளி வேன் ஓடாது. தோட்டப்புறத்திலும் அடுக்குமாடியிலும் வாழும் பிள்ளைகளே முதலில் வராமல் நின்றுவிடுவர். அவர்களுக்காகவே தொடங்கும் வகுப்பு அவர்களின்றி நடப்பதில் பயனில்லை. ஆகவே பலகைகள் வாங்குவதற்கு முன்னரே வேன் கூலிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதல் மாத வகுப்புக்குத் திடலும், சுண்ணக்கட்டியும், கண்ணைக் கட்ட ஒரு கைக்குட்டையும் இருந்தால் போதும். தம் வண்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளை ஏற்றிவர இயலும் பெற்றோர், வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்க வேண்டுகின்றோம்.