காய்ச்சல் எத்தனையாவது நாள்?

பெஸ்தாரி ஜெயாவை இன்றுவரை பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரிலேயே சொல்லும் என் பெரியம்மாவுக்குப் போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. இஞ்சித் தண்ணீர், பனடோல், போர்வை என்று ஐந்து நாள் ஓடிவிட்டது. ஆறாம் நாள் கிளினிக்கில், "எத்தனை நாளா காய்ச்சல்மா?" என்று கேட்டார்கள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று ஏசுவார்களோ என்ற பயத்தில், "ரெண்டு நாளுதான்" என்று சொல்லிவிட்டார். விரலில் குத்தி, டிங்கி அட்டையில் ரத்தம் விட்டுப் பார்த்தார்கள். ஒரு கோடுதான் விழுந்தது. டிங்கி இல்லை என்று நிம்மதியாக வீடு திரும்பியவருக்கு மறுநாள் ஈறில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் எடுத்த வேறொரு சோதனை, டிங்கிதான் என்றது.

அட்டை பொய் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ரத்தத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை ஆறாம் நாள் ரத்தத்திடம் கேட்டுவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்பதால், அந்த அட்டைக்குள் நடப்பதை நம் மக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

குலைக் காம்பில் எழுதும் எண்

செம்பனை வெட்டுபவர்கள் குலைகளைச் சாலையோரம் அடுக்கி, காம்பில் தங்கள் எண்ணை எழுதி வைப்பார்கள். கணக்கெடுக்க வருபவர் வெட்டிய ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும். 1917இல் ஆன்ரி ஃபோக்கோன்னியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆகவே இந்தக் கணக்கை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த வகை ரத்தச் சோதனையும் இதே வேலைதான். கிருமியின் புரதமோ ஹார்மோனோ கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று உண்டு. அந்த எதிர்ப்பொருளின் மேல் ஓர் அடையாளத்தை ஏற்றிவிட்டால், பிறகு அடையாளத்தைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடலாம்.

டிங்கி அட்டையில் அந்த அடையாளம் தங்கம். நம்ப முடியாவிட்டாலும் உண்மை. மிக நுண்ணிய தங்கத் துகள்கள் மஞ்சளாகத் தெரியாது, குங்குமச் சிவப்பாகத் தெரியும். ரத்தமும் கரைசலும் அட்டையில் ஊறி நகரும்போது, தங்கம் ஏறிய எதிர்ப்பொருளையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் என்எஸ்1 என்ற டிங்கிப் புரதம் இருந்தால் இந்த எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். வழியில் கோடாகப் பதித்திருக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அதே புரதத்தை மறுபக்கம் பிடித்து நிறுத்தும். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்த சார்டின் மாதிரி. துகள்கள் சேரச் சேரச் சிவப்புக் கோடு தெளியும். இரண்டாவது கோடு, அட்டை ஒழுங்காக வேலை செய்ததற்கான சாட்சி. அது விழாவிட்டால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டை எடுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிவைப் படிப்பதும் முக்கியம். நேரம் கழித்துத் தெரியும் மங்கல் கோட்டை நம்பக்கூடாது.

இனிப்புநீர் தந்த கண்டுபிடிப்பு

இந்தச் சோதனை முறையின் வேர் நம் குடும்பங்களுக்கெல்லாம் பழக்கமான இனிப்புநீர் நோயில் இருக்கிறது. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் போட்டு வந்தவர்களின் ரத்தத்தில் அது சீக்கிரம் கரையாமல் தங்கியது. உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருந்தது. இன்சுலினுக்கு எதிர்ப்பொருளா என்று அன்றைய அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். இருவரும் விடவில்லை. அந்த எதிர்ப்பொருளையே அளவுகோலாக்கி, 1960 வாக்கில் ரத்தத்தில் இருக்கும் மிகச் சொற்ப இன்சுலினையும் அளந்து காட்டினார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார்.

கதிரியக்கத்தை எல்லா ஆய்வுக்கூடத்திலும் வைத்திருக்க முடியாதே. 1971இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனிக் குழுக்கள் அதற்குப் பதிலாக நொதியை அடையாளமாக்கின. அதுதான் எலைசா. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சோதனை நடக்கும். ஒட்டாத அடையாளம் மிஞ்சிப் பொய்க்கணக்குக் காட்டாதபடி குழிகளைத் திரும்பத் திரும்பக் கழுவுவோம். கடைசியில் நிறம் தரும் திரவத்தை விட்டதும், நோய் உள்ள குழிகள் மட்டும் மெல்ல நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் நீலம் சட்டென்று மஞ்சளாகும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. இப்போது பெரிய மருத்துவமனைகளின் இயந்திரங்கள் நிறத்துக்குப் பதிலாக வெளிச்சத்தை அளக்கின்றன. தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின், ஹெபடைட்டிஸ் பி எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கப்படுகின்றன.

கோடு விழுந்தால் 'இல்லை'

சிறிய மூலக்கூறை இரண்டு பக்கமும் பிடிக்க இடமில்லை. அதனால் அங்கே நாற்காலிப் போட்டி நடக்கும். வேலைக்குச் சேரும்போது சிறுநீரில் போதைப்பொருள் பார்க்கும் அட்டை இந்த வகை. சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால், அது இடத்தைப் பிடித்துக்கொண்டு கோடு விழாமல் செய்துவிடும். கோடு விழுந்தால் போதைப்பொருள் இல்லை என்று பொருள். டிங்கி அட்டைக்கு நேர் தலைகீழ்.

முடிவைக் குழப்பக்கூடிய இன்னொன்று, முடி வளர்வதற்காக நம் பெண்கள் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. சில இயந்திரங்கள் பயோட்டினையே பிடிமானமாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் தைராய்டு முடிவு தாறுமாறாகும், ட்ரோபோனின் குறைவாகக் காட்டும். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்முன் இந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

நாள் கணக்கு

2023இல் மலேசியாவில் 123,133 டிங்கிச் சம்பவங்கள், 100 மரணங்கள். மாநிலங்களில் சிலாங்கூர்தான் முன்னால் நிற்கிறது.

என்எஸ்1 புரதம் காய்ச்சலின் முதல் சில நாள்களில் நன்றாகத் தெரியும், பிறகு குறையும். உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்துதான் தெரியத் தொடங்கும். முன்பே ஒருமுறை டிங்கி வந்தவர்களுக்கு, பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1ஐ மூடிக்கொள்வதால், முதல் நாள்களிலேயேகூடக் கோடு விழாமல் போகலாம். அதனால்தான் டாக்டர்கள் அட்டையை மட்டும் நம்பாமல் பிளேட்லெட்டையும் ரத்தம் கெட்டிப்படுவதையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். "தினமும் ஊசி குத்துறாங்க" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்தில் எலிக்காய்ச்சலையும் மறக்கக்கூடாது. செம்பனைப் பழத்துக்கு எலி வரும். அதன் சிறுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீரில் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கினால் கிருமி உள்ளே புகுந்துவிடும். அதற்கான ஐஜிஎம் சோதனையும் முதல் வாரத்தில் 'இல்லை' என்று காட்டக்கூடும். செய்யும் வேலையையும் காலில் உள்ள காயத்தையும் சொன்னால், டாக்டர் முடிவுக்குக் காத்திருக்காமலேயே மருந்தைத் தொடங்க முடியும்.

காய்ச்சல் தொடங்கிய தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கேட்டால் அதை அப்படியே சொல்லுங்கள், தாமதத்துக்காக ஏசினாலும் பரவாயில்லை. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டிங்கியில் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரேயடியாகத் தூங்கி வழிவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும், கையில் இருக்கும் அட்டை முடிவு எதுவானாலும், தஞ்சோங் காராங்கோ கோல குபு பாருவோ, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்.