ரோஜாக் குடில்களில் உணர்கருவிகளை அமைக்கும் முறை

ஓசூர், தளி, பாகலூர் முதலிய இடங்களில் பசுமைக்குடில் அமைத்து ரோஜாச் சாகுபடி செய்யும் குடியானவர்கள், பிப்ரவரி 14-ஆம் தேதிக்கு முந்திய வாரங்களில் மலர் கிடைக்குமாறு, பறிப்புக்குச் சுமார் 45 முதல் 50 நாட்கள் முன்பாகக் கவாத்துச் செய்வது வழக்கம். அச்சமயத்தில் தாஜ்மஹால் முதலிய சிவப்பு ரகங்களுக்கு அயல்நாடுகளிலும் பெருநகரங்களிலும் கிராக்கி அதிகம். ஆனால் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இப்பிரதேசத்தில், மார்கழி, தை மாதங்களில்தான் குளிரும் பனியும் மிகுந்து அடிச்சாம்பல் நோய் தலைகாட்டுகிறது. இலைகளில் செங்கருநீலப் புள்ளிகள் தோன்றி, இலைகள் உதிர்ந்து, மொட்டுகள் கெடுகின்றன. சில இரவுகளின் கவனக்குறைவு வருஷத்து வருமானத்தைப் பாதித்துவிடும்.

இதனைத் தடுக்கும்பொருட்டு, சென்சார் என்று வழங்கும் உணர்கருவிகளை அநேகர் வாங்கி வைத்திருக்கின்றனர். இவை குடிலின் உஷ்ணத்தையும், காற்றின் ஈரத்தையும், மண்ணின் ஈரத்தையும் அளந்து, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கும். அப்பெட்டி பனித்தூவல் குழாயையும், சொட்டுநீர் வால்வையும், பக்கத்திரை மோட்டாரையும் இயக்கும். கருவி நல்லதாயினும், அதனை அமைக்கும் முறை தவறினால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

தளிப் பக்கத்தில் ஒரு குடிலில் உஷ்ணக் கருவியை மேற்கு வாயிலருகே மாட்டியிருந்தனர். பிற்பகல் வெயில் நேரே அதன்மேல் பட்டது. உட்பாத்திகள் குளிர்ந்த பின்பும் கருவி மிகுந்த உஷ்ணத்தைக் காட்டியதால், பனித்தூவல் மாலைவரை நடந்தது. இலைகள் இரவெல்லாம் ஈரமாய் நின்று நோய் பற்றியது. உடையவர் கருவி பொய் சொல்லிற்று என்றார். கருவி பொய் சொல்லவில்லை. வாயிலின் உஷ்ணத்தைச் சரியாகவே சொல்லிற்று. முன்னொரு முறை அங்கு சென்றிருந்தும் அவ்விடத்தைக் கவனித்து எச்சரிக்காதது எனது பிழையே. ஆதலின் பின்வருவனவற்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன்.

1. இடம்: உஷ்ணக் கருவியும் காற்றீரக் கருவியும் குடிலின் நடுவில், செடியின் உயரத்தில், காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருத்தல் வேண்டும். மண்ணீரக் கருவி, சொட்டுவானுக்கு நேர் கீழே இன்றிச் சற்று விலகி, வேர்கள் மிகுந்துள்ள ஆழத்தில் இருக்கவேண்டும்.

2. இரண்டு எல்லைகள்: தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே அளவு வைத்தால் மோட்டார் அடிக்கடி ஓடி நின்று கெடும். உதாரணமாக, 32 டிகிரியில் தொடங்கி 28 டிகிரியில் நிற்குமாறு வைக்கலாம். குளிர்காலத்தில், உஷ்ணம் எதுவாயினும் மாலை 4 மணிக்கு மேல் பனித்தூவல் கூடாதென்று கடிகார நிபந்தனையும் சேர்க்கவேண்டும். இரவில் காற்றின் ஈரம் 85 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால், காவற்காரரின் தொலைபேசி ஒலிக்கச் செய்தல் நலம்.

3. கருவி கெட்டால்: கம்பி அறுந்ததைச் சில பெட்டிகள் மண் காய்ந்ததாகவே கொண்டு இரவு முழுதும் நீர் பாய்ச்சிவிடும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதற்கு வழி அறிவர். ஆளின் கை உள்ளே நுழைந்தால் தானே நிற்கும் இயந்திரங்களை அவர்கள் அங்கு நாள்தோறும் காண்கின்றனர். ஐயம் வந்தால் நிற்பது என்பதே அங்குள்ள விதி. நாமும் ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிஷத்துக்கு மேல் மோட்டார் ஓடாதென்று உச்ச வரம்பு வைப்பதுடன், மின்சாரம் நின்றால் பக்கத்திரையைக் கையால் திறக்க வசதியும் வைக்கவேண்டும்.

4. கைப்பரிசோதனை: வாரம் ஒருமுறை, ஈரத்துணி சுற்றியதொன்றும் சுற்றாததொன்றுமாக இரண்டு உஷ்ணமானிகளைக் கருவியருகே வைத்து ஒப்பிடுக. இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் அதிகமென்று அறியலாம். மண்ணையும் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்து, நீர் வேண்டுமென்று தோன்றும் வேளையில் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. விற்பவர் கூறும் எண்ணைவிட, தம் நிலத்தில் கண்ட இவ்வெண்ணே அதிகப் பிரயோஜனமுள்ளது.

தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. கிராம அதிகாரிகள் தத்தம் ஊர்க் குடியானவர்களை அங்கு அழைத்துச் சென்று, பாதுகாக்கப்பட்ட சாகுபடி முறைகளை நேரில் காணச் செய்தால் பெரிதும் உபகாரமாகும். கருவி இரவில் விழித்திருக்கும்; ஆயினும் விடியற்காலையில் உடையவர் ஒருமுறை பாத்தியில் நடந்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை ஒருபோதும் விடலாகாது.