அப்டேட் போட்டதும் நெட் போச்சா? லினக்ஸில் பெயர் மாறும் கதை

லினக்ஸ் சர்வரில் சிஸ்டம் அப்டேட் போட்டு ரீபூட் செய்கிறீர்கள். மெஷின் நல்லாத்தான் ஓடுது. கேபிளும் சரியா செருகியிருக்கு. ஆனா நெட் மட்டும் வரலை.

மன்னார்குடியில் இருக்கும் ஓர் அரிசி ஆலையின் பில்லிங் சர்வரை, தஞ்சாவூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து ஒருவர் பராமரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெட் போனால் அவரால் சர்வருக்குள் நுழையவே முடியாது. அறுவடை நேரத்தில் நெல் லாரிகள் வாசலில் நிற்க, யாராவது பஸ் ஏறித்தான் போகணும். இத்தனைக்கும் எந்தப் பாகமும் கெட்டுப்போயிருக்காது. பல நேரங்களில் நெட்வொர்க் கார்டின் பெயர்தான் மாறியிருக்கும்.

பெயர் மாறினால் நெட் ஏன் நிற்கணும்?

டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர் மக்களுக்கு அது ‘புது ஆறு’. அரசுப் பெயரை மட்டுமே அறிந்த புதியவரிடம் “புது ஆத்துல தண்ணி விடுங்க” என்றால் முழிப்பார். கால்வாய் இருக்கு, தண்ணீர் இருக்கு, ஷட்டர் திறக்காது.

லினக்ஸிலும் இதே கதைதான். ‘ஈத்0-க்கு இந்த ஐ.பி. முகவரி கொடு’ என்று செட்டிங் கோப்பில் எழுதியிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு அதே கார்டு ‘இ.என்.பி.3.எஸ்.0’ ஆகிவிட்டால், ஈத்0 என்று ஒன்று இல்லவே இல்லை. கோப்பில் உள்ள கட்டளை யாருக்கும் போய்ச் சேராது.

ஏன் மாத்தினாங்க?

ஈத்0, ஈத்1 என்பவை வரிசைப் பெயர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எந்த கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1. ஒரே கார்டு என்றால் சிக்கல் இல்லை. இரண்டு இருந்தால், ஒரு ரீபூட்டில் வரிசை மாறலாம். ஆபீஸ் நெட்வொர்க்குக்கான பாதுகாப்பு விதி, வெளி இன்டர்நெட் பக்கம் போய் உட்காரும். ஃபயர்வால் மெஷினில் இது ஆபத்து.

அதனால் 2013-ல் ‘சிஸ்டம்டி’ மென்பொருளின் 197-வது பதிப்பு, கார்டு செருகப்பட்ட இடத்தை வைத்துப் பெயர் சூட்டும் முறையைக் கொண்டுவந்தது. ‘இ.என்.’ என்றால் ஈதர்நெட். ‘பி.3’ என்றால் மூன்றாம் எண் பி.சி.ஐ. பஸ். ‘எஸ்.0’ என்பது அதிலுள்ள ஸ்லாட். வைஃபை கார்டு என்றால் ‘டபிள்யூ.எல்.’ என்று தொடங்கும்.

2014-ல் ரெட் ஹாட் 7, 2015-ல் உபுண்டு 15.10, 2017-ல் டெபியன் 9 என ஒவ்வொன்றாக இந்த முறைக்கு வந்தன. பழைய டெபியனை அப்கிரேடு செய்தவர்களுக்குப் பழைய பெயரே கொஞ்ச காலம் நீடித்தது. 2019-ல் வந்த டெபியன் 10, அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு இனி ஆதரவில்லை என்று அறிவித்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில், விண்டோஸோடு சேர்ந்து வந்ததே, அதே பாஸ்தான்.

புதுப் பெயர் மாறவே மாறாதா?

மாறும். புதிதாக கிராஃபிக்ஸ் கார்டோ எஸ்.எஸ்.டி.யோ செருகினால் பஸ் எண்கள் நகரலாம். பி.3 என்பது பி.4 ஆகிவிடும். பெயர் சூட்டும் விதிகளும் சிஸ்டம்டி பதிப்புகளுக்கிடையே அவ்வப்போது திருத்தப்படுகின்றன.

என்ன செய்யலாம்?

* அப்டேட்டுக்கு முன் ‘ஐபி லிங்க்’ கட்டளை கொடுத்து, கார்டின் பெயரையும் மேக் முகவரியையும் குறித்துவையுங்கள். மேக் முகவரி கார்டோடு வருவது, ஸ்லாட் மாறினாலும் மாறாது.
* செட்டிங்கில் பெயருக்குப் பதில் மேக் முகவரியை வைத்து கார்டை அடையாளம் காட்டுங்கள். சிஸ்டம்டியின் ‘லிங்க்’ கோப்பு மூலம் நீங்களே ஒரு பெயரும் வைக்கலாம். ஆனா ஈத்0 என்று வைக்காதீங்க. கர்னல் தரும் பெயரோடு மோதும்.
* ஃபயர்வால், டி.ஹெச்.சி.பி. கோப்புகளிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கும். தேடிப் பார்த்து மாற்றுங்கள்.
* உபுண்டு சர்வரில் நெட்வொர்க் செட்டிங்கை மாற்றும்போது ‘நெட்பிளான் ட்ரை’ பயன்படுத்துங்கள். 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.
* ‘நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0’ என்று பூட் செட்டிங்கில் சேர்த்தால் பழைய பெயர்கள் திரும்பும் என்று பலர் சொல்வார்கள். ஒரு கார்டு உள்ள மெஷினுக்குச் சரி. இரண்டு இருந்தால் பழைய வரிசைக் குழப்பமும் கூடவே திரும்பும்.

வீட்டு லேப்டாப்பில் ‘நெட்வொர்க் மேனேஜர்’ பெரும்பாலும் தானே சமாளித்துவிடும். நீங்க பயப்பட வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் சர்வர் என்றால் மட்டும், பக்கத்தில் கீபோர்டும் மானிட்டருமாக ஓர் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து அப்டேட் போடுங்கள். போடி நாளில் தூர்வாரி வைத்தால்தான் தண்ணீர் வரும்போது நிம்மதி என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!