முதுகுக்குச் சொடக்கு எடுத்தால் போதுமா?

இந்த முறை மண்ணைப் பற்றியோ விதையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நம் எல்லோரிடமும் இருந்தும் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத முதுகைப் பற்றி எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். முதல் பாதி முழுக்கத் தடித்தடி லெட்ஜர்கள், மறு பாதி கம்ப்யூட்டர். இரண்டுக்கும் குனிந்தேதான் இருந்தேன். ஓய்வு பெற்றதும் செய்யாறு பக்கம் அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கினேன். மூன்றாவது வருஷம் ஒரு நாள் விடியற்காலை, தொட்டியிலிருந்து ஜீவாமிர்தம் ஒரு பக்கெட் மொண்டு தூக்கினேன். இடுப்பில் சுரீர்னு ஒரு இழுப்பு. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரம் படுக்கை.

எலும்பு மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "வயசுக்கேத்த தேய்மானம்தான், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். படுத்தே கிடக்காதீங்க, நடங்க" என்றார். நடந்தேன். ஆனால் மூன்று மாதமாகியும் வலி போகவில்லை. மகன் பெங்களூரிலிருந்து வந்து, "போதும்ப்பா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுங்க" என்றான். குத்தகைக்கு எடுப்பவர் முதல் போகத்திலேயே யூரியா போடுவார் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருஷம் பாடுபட்டுக் கொண்டுவந்த மண்புழு எல்லாம் போச்சு. அந்தக் கவலையில்தான் அவன் சொன்ன கைரோபிராக்டிக் சிகிச்சைக்குச் சம்மதித்தேன்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

மருந்து, கத்தி இல்லாமல், கையால் முதுகெலும்பு மூட்டுகளை அழுத்தியும் சட்டென்று தள்ளியும் இளக்கிவிடும் முறை இது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. கையால் செய்வது என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வந்தது. கை வைத்தியம் நமக்கும் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வர்மமும் இருக்கின்றன.

பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு இடம் பிசகுவதுதான் காரணம் என்று பால்மர் காலத்தில் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் முதுகை அமுக்கித் தீர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்பு வலிக்கு மட்டும் இந்த முறை ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, மசாஜ் இவற்றோடு இதுவும் செய்து பார்க்கத்தக்க பட்டியலில் இருக்கிறது. இடுப்பு பெல்ட் வேண்டாதவை பட்டியலில் இருக்கிறது! நம் ஊரில் பாதிப்பேர் பெல்ட்டோடுதான் வண்டி ஓட்டுகிறோம்.

அந்த 'டப்' சத்தம்

என்னைப் பார்த்தவர் முதல் நாள் அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். நிற்க வைத்து, குனிய வைத்து, முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்த்தார். தலை முன்னால் தள்ளி, மேல் முதுகு கூன் விழுந்திருக்கிறது என்றார். பிறகு மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு தள்ளு. 'டப்' என்று சத்தம்.

விலகின எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லையாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த வாயு குமிழாகிறது. விரலில் சொடக்கு எடுத்தால் வருவதும் இதே சத்தம்தான். சத்தத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது உண்மை. இரண்டு நாளில் வலி திரும்பி வந்ததும் உண்மை. மூன்றாவது முறை போனபோது கேட்டேன்: "இன்னும் எத்தனை தடவை வந்தா என் கூன் நிமிரும்?" அவர் சிரித்துக்கொண்டே, "நான் இறுக்கத்தைத்தான் எடுத்துவிட முடியும் சார். நிமிர்ந்து நிக்க வைக்கிறது உங்க தசைதான். அதை நீங்கதான் வளர்க்கணும்" என்று சொல்லி ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொடக்கு என்பது யூரியா மாதிரி. போட்ட நாலு நாளில் பச்சை தெரியும், பிறகு மறுபடி போட வேண்டும். பயிற்சி மூடாக்கு மாதிரி. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நிலம் மாறும். எனக்கு அந்தச் சிகிச்சை செய்த பெரிய உதவி, வலியைக் குறைத்து, பயிற்சி செய்யும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்ததுதான். ஆறு முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

முதுகு எப்படி இயங்குகிறது?

கழுத்தில் 7, மார்புப் பின்புறம் 12, இடுப்பில் 5 என அசையும் முள்ளெலும்புகள் 24. இடையிடையே மெத்தை போல வட்டுகள். இந்த வட்டுகள் இரவில் படுத்திருக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும். உப்பிய வட்டு, குனியும்போது அதிகம் இழுபடும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்பது இதனால்தான். நான் பக்கெட்டைத் தூக்கியதும் சரியாக அந்த நேரம்தான்.

இன்னொன்று. இதுதான் சரியான நிலை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பதிலும் பயனில்லை. எந்த நிலையானாலும் நெடுநேரம் மாறாமல் இருப்பதுதான் கெடுதல்.

தினமும் நான் செய்வது (15 நிமிடம்)

1. சுவரில் குதிகால், பின்புறம், மேல் முதுகு, தலை படும்படி, தாடையை உள்ளிழுத்து ஒரு நிமிடம் நிற்பது.
2. நாலு காலில் நின்று, பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, 10 முறை.
3. அதே நிலையில் வலது கையும் இடது காலும் நீட்டி 10 விநாடி, பிறகு மாற்றி. பக்கத்துக்கு 5 முறை.
4. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்துவது (சேதுபந்தாசனம்), 10 முறை.

மூன்று மாதத்தில் வலி பாதியானது. ஒரு வருஷத்தில் மறந்தே போனது. கூன் முழுசாகப் போகவில்லை. அறுபதைத் தாண்டிய உடம்பு, அவ்வளவுதான். ஆனால் நிலம் என் கையிலேயே இருக்கிறது.

வேலை முறையையும் மாற்றினேன்

ஜீவாமிர்தத்தைச் சுமப்பதை விட்டேன். 200 லிட்டர் டிரம்மை வாய்க்கால் தலைப்பில் மேடை கட்டி வைத்து, குழாய் போட்டுவிட்டேன். பாசனத் தண்ணீரோடு தானே போகிறது. 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் டேங்கோடு 20 கிலோ பக்கம் வரும். பத்து லிட்டர்தான் ஊற்றுகிறேன். எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் அளவு என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். நாம் 50 கிலோ மூட்டையைத் தனியாளாகப் புரட்டுகிறோம். இப்போது எங்கள் நெல் 25 கிலோ பையில்தான். காலையில் முதல் வேலை மாடு பார்ப்பதும் வயலைச் சுற்றி வருவதும். குனிகிற வேலை அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் பெருமையாக ஒரு நாள் மணிலாக் கொல்லையில் சொல்லிக்கொண்டிருந்தேன். களை எடுக்க வந்த அக்கா ஒருவர் நிமிராமலே சொன்னார்: "நீங்க பெங்களூரு போயி முதுக நீவிக்கினு வந்துட்டீங்க. எங்க முதுக யாரு சார் பாக்குறது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நாற்பது வருஷமாக நடவும் களையும் அந்த முதுகுதான். ஒரு தடவை சிகிச்சைக்கு நான் கொடுத்த பணம் அவருக்கு மூன்று நாள் கூலிக்கு மேல். விஷமில்லாத சோறு என்று பேசுகிற நாம், அந்தச் சோற்றுக்காக ஒடியும் முதுகைக் கணக்கில் எழுதவில்லை.

கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஒன்று, இரண்டு அடிப் பிடி போட்ட களைக்கொத்தைத்தான் கொடுப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. நீட்டுப் பிடி போட்டால் பயிர் கெடும் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளர்கள் வழக்காடி, 1975-ல் அந்தக் குட்டைக் கொத்துக்குத் தடை வாங்கினார்கள். சிகிச்சையால் அல்ல, பிடியின் நீளத்தால் அத்தனை முதுகும் நிமிர்ந்தது.

நானும் கொல்லரிடம் சொல்லி நாலு களைக்கொத்துக்கு நெஞ்சளவு பிடி போட்டேன். "இதுல வேகம் வராது சார்" என்றார்கள். வரவில்லைதான், முதல் பத்து நாள். அந்த நாட்களுக்குக் கூலியைக் குறைக்கவில்லை. இப்போது குட்டைப் பிடியை யாரும் கேட்பதில்லை. நெல்லில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை நடவு, நின்றபடி ஓட்டும் கோனோவீடர். அரைமணிக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்கிறார்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

கால் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கீழே விழுந்த பிறகு வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைதான். எலும்பு அடர்த்தி குறைந்த வயதானவர்களுக்குச் சட்டென்று தள்ளும் சிகிச்சை கூடாது. கைரோபிராக்டிக்குக்கு நம் நாட்டில் தனிப் பதிவு மன்றம் இல்லை; எங்கே எத்தனை வருஷம் படித்தார் என்று கேளுங்கள். பிசியோதெரபி அரசுத் தலைமை மருத்துவமனைகளில் இலவசம், பயிற்சியும் அங்கேயே சொல்லித் தருவார்கள். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கச் சொல்லாதீர்கள். அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

நண்பர்களே, இன்று மாலையே உங்கள் வீட்டு மண்வெட்டி, களைக்கொத்துப் பிடிகளை அளந்து பாருங்கள். நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியவில்லையென்றால், கொல்லர் பட்டறை எந்த வைத்தியரையும்விட உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.