எல்லோருக்குமான வலை – 9: பக்கத்தின் தலைப்பகுதி

வலைச் செயலியின் தலைப்பகுதியில் இரண்டு அடுக்குகள் உண்டு. லோகோ, மெனு, தேடல் பெட்டி ஆகியவை செயலி முழுவதற்கும் பொதுவானவை. பக்கத்தின் தலைப்பும் 'சேமி', 'புதிதாகச் சேர்' போன்ற பொத்தான்களும் அந்தந்தப் பக்கத்துக்கு உரியவை. பல குழுக்கள் பல காலகட்டங்களில் எழுதிய செயலியில் இந்த இரண்டாம் அடுக்குதான் பக்கத்துக்குப் பக்கம் மாறிப்போகிறது.

'கட்டண ரசீதுகள்' என்ற தலைப்பை வெறும் டிவ் குறியில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பாகவே தெரியும். பார்வையற்ற ஒருவர் என்விடிஏ திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தும்போதோ, அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்று அறிவித்துவிடும். அதே சொற்களை எச்1 குறிக்குள் வைத்தால் தலைப்பின் பெயரையும் நிலையையும் சேர்த்து வாசிக்கும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் வலை அணுகல்தன்மைக்கான வெப்எய்ம் அமைப்பு நடத்தி 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நீண்ட பக்கத்தில் தகவல் தேட முதலில் தலைப்புகளையே நாடுவதாக மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் கூறினர்.

எச்1 முதல் எச்6 வரையிலான குறிகள் காட்டுவது உள்ளடக்கத்தின் படிநிலையை. எழுத்தின் அளவை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். சிறிய எழுத்து வேண்டும் என்பதற்காக எச்1-க்கு அடுத்து எச்4 போடுவது தவறான பழக்கம். பகுதிகளின் அடுக்கைப் பார்த்து உலாவியே நிலையைக் கணக்கிடும் என்று எச்டிஎம்எல்5 வகுத்த முறையை எந்த உலாவியும் முழுமையாக நிறைவேற்றவில்லை. 2022-இல் அது விதிகளிலிருந்தே நீக்கப்பட்டது. எனவே நிலையை எழுதுபவரே தர வேண்டும்.

ஹெடர் குறி பக்கத்தின் மேல்மட்டத்தில் இருந்தால் முழுத் தளத்தின் தலைப்பகுதியாகக் கொள்ளப்படும். ஆர்ட்டிகிள், செக்‌ஷன் குறிகளுக்குள் வந்தால் அந்தத் தகுதி இல்லை. மெனுவைத் தாண்டி நேரே உள்ளடக்கத்துக்குப் போகும் இணைப்பை டேப் விசைக்கு முதலில் கிடைக்கும்படி வைப்பது நல்லது. தமிழ்ப் பக்கமானால் மொழிக் குறிப்பில் தமிழ் என்று தர வேண்டும். இல்லையேல் தமிழ் எழுத்துகளை ஆங்கிலக் குரல் வாசிக்க முயலும்.

வலை அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும் சீர்மையைக் கேட்கிறது. திரும்பத் திரும்ப வரும் மெனுக்களின் வரிசை மாறக்கூடாது. ஒரே வேலையைச் செய்யும் பொத்தானுக்கு ஓரிடத்தில் 'தேடு' என்றும் இன்னோரிடத்தில் 'கண்டறி' என்றும் பெயரிடக்கூடாது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, விசைப்பலகைக் குவியம் (ஃபோகஸ்) பெறும் உறுப்பு முழுவதுமாக மறைக்கப்படக்கூடாது என்கிறது. உருட்டினாலும் மேலேயே ஒட்டிநிற்கும் தலைப்பகுதிகளில் இந்தக் குறை அடிக்கடி வரும்; தலைப்பகுதியின் உயரத்தை ஸ்க்ரோல்-பேடிங்-டாப் மதிப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒற்றைப் பக்கச் செயலிகளில் இன்னொரு சிக்கல். பக்கம் மாறினாலும் உலாவி புதிதாக எதையும் ஏற்றாததால் திரைவாசிப்பான் மௌனமாக இருந்துவிடுகிறது. பக்கம் மாறும்போதெல்லாம் உலாவியின் டேபில் தெரியும் தலைப்பை மாற்றி, குவியத்தைப் புதிய எச்1-க்கு நகர்த்த வேண்டும். டேப் தலைப்பில் பக்கத்தின் பெயர் முதலிலும் செயலியின் பெயர் பின்னும் வருவது வசதி.

இத்தனையையும் பக்கந்தோறும் எழுதினால் எங்கேனும் விட்டுப்போகும். தலைப்பையும் பொத்தான்களையும் வாங்கிக்கொண்டு எச்1, டேப் தலைப்பு, குவியம் மூன்றையும் தானே கவனிக்கும் ஒரே கூறாக எழுதி, எல்லாப் பக்கங்களிலும் அதையே பயன்படுத்துவதுதான் நிலையான தீர்வு. ஆக்ஸ் போன்ற சோதனைக் கருவிகள் எச்1 விடுபட்டதையும் படிநிலை தாவியதையும் கண்டுபிடிக்கும். தலைப்பு அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிறதா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும். அதனால் வெளியிடும் முன் மவுஸைத் தொடாமல், திரைவாசிப்பானை இயக்கி ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை கடந்து பார்ப்பது அவசியம்.

(தொடரும்)